பாதியில் நின்ற உடுக்கை

அம்மாவுக்குச் சாமி வருவது கொட்டாவியில்தான் தொடங்கும். முதல் கொட்டாவி தூக்கக் கலக்கம் மாதிரிதான் இருக்கும். அடுத்தது வரும்போது தாடை ஒரு பக்கமாக இழுக்கும். அதற்கும் அடுத்தது வருவதற்குள் அம்மாவின் கையில் சொம்போ குழந்தையோ இருந்தால் யாராவது வாங்கிவிட வேண்டும். சிறுமியாக இருந்தபோது அந்த வேலை என்னுடையது. ஊரே உடுக்கைக்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் மட்டும் அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் ஊர் கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஆடி மாதம் எங்கள் தெருக் கோயிலில் கூழ் ஊற்றும்போது உடுக்கை அடித்து அம்மனை அழைப்பார்கள். அழைப்பு மெதுவாகத் தொடங்கி, அடிக்கு அடி ஏறிக்கொண்டே போகும். வந்த அம்மனைப் பிறகு அனுப்பிவைக்க வேண்டும். அதற்கு மலையேற்றுவது என்று பெயர். அதற்கென்று தனிப் பாட்டு, தனி அடி உண்டு. அழைத்தவர் மலையேற்றாமல் உடுக்கையைக் கீழே வைக்க மாட்டார். மழை கொட்டினாலும் வைக்க மாட்டார்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஆடியில் பாதியிலேயே நிறுத்திவிட்டார். மைக் செட்டுக்கு யார் பணம் கொடுப்பது என்று இளைஞர்களுக்குள் அடிதடி வந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி பறந்து உடுக்கைக்காரரின் காலடியில் விழுந்தது. மனிதர் உடுக்கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடிவிட்டார். அம்மா நடுவில் நின்றாள். அடி இல்லாமலேயே சுற்றினாள். பிடிமானம் தேடுகிறவளைப் போலக் கைகளைக் காற்றில் நீட்டி நீட்டிச் சுற்றி, கோயில் படியில் தலை மோத விழுந்தாள். மறுநாள் மதியம்தான் ஆஸ்பத்திரியில் கண் திறந்தாள்.

மருத்துவர் என்னைத் தனியே அழைத்துப் பேசினார். ரத்த அழுத்தம் மிக அதிகமாக ஏறியிருக்கிறது, மூளையில் ரத்தக்குழாய் வெடிக்காமல் போனது அதிர்ஷ்டம், இன்னொரு முறை இப்படி ஆனால் பிழைப்பது கஷ்டம் என்றார். வெளியே வந்து சின்னம்மாவிடம் சொன்னேன். சின்னம்மா என்றால் அம்மாவின் தங்கை. கண்டமங்கலத்தில் இருக்கிறாள். தினமும் பஸ் ஏறிப் புதுச்சேரியில் ஒரு கம்பெனிக்குக் கூட்டிப் பெருக்கப் போகிறவள்.

"பிரஷரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல," என்றாள். "கூப்ட்டவள அனுப்பாம ஓடிட்டான் பேமானி. அவ எங்க போவா? உங்கம்மா ஒடம்புலயே நின்னுக்கினு சுத்துறா."

நான் மருத்துவர் சொன்னதைத்தான் நம்பினேன். பகலில் முழுதாக நம்பினேன். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். திண்டிவனத்தில் கல்லூரி முடித்து, எம்.ஏ. வரலாறு வரை படித்தவள். ரேஷன் கடையிலிருந்து தாலுகா ஆபீஸ் வரை எங்கள் தெருவுக்கே நான்தான் பேசுகிறேன். வீட்டில் என் பேச்சு எடுபடும். இனி அம்மாவின் காதில் உடுக்கைச் சத்தமே விழக் கூடாது என்று சொன்னேன். அப்பாவும் சரி என்றார். அடுத்த ஆடிக்கு அம்மாவைக் கண்டமங்கலத்துக்கு அனுப்பிவிட்டேன்.

அதன் பிறகுதான் விழுப்புரத்தில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. தற்காலிக வேலைதான், அங்கேயே ஒரு பெண்கள் விடுதியில் தங்கிக்கொண்டேன். ஆனால் கழுத்தில் மாட்டிய அடையாள அட்டையை நான் பஸ்ஸில்கூடக் கழற்றுவதில்லை. முதல் நாள் காப்பாட்சியர், அவரை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம், என்னைக் கூடம் கூடமாக அழைத்துப்போய்க் காட்டினார். நடுகற்கள், முதுமக்கள் தாழி, செப்புக் காசுகள். கடைசி மூலைக்கு வந்தபோது என் கால் நின்றுவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் உடுக்கை இருந்தது.

கைக்கு அடக்கமானது. இடை சிறுத்த மர உடல். பலர் பிடித்துப் பிடித்து அந்த இடையில் மரம் கருத்து வழவழவென்று இருந்தது. இரண்டு முகங்களையும் இணைத்து நூல் கயிறு குறுக்கும் நெடுக்குமாக ஓடியது. அந்தக் கயிற்றை இடையோடு சேர்த்து இறுக்கினால் சத்தம் மேலே ஏறும், தளர்த்தினால் இறங்கும். ஒரு முகத்துத் தோல் கிழிந்து உள்பக்கம் சுருண்டிருந்தது. கிழிந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இது இனி பேசாது என்று நினைத்துக்கொண்டேன். 'உடுக்கை. மரம், தோல், நூல் கயிறு. நாட்டார் வழிபாட்டில் பயன்படும் கைத்தோற்கருவி' என்று பிறகு அதற்கு விவரப் பலகை எழுதியது நான்தான். என் எழுத்து அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை. அதைப் போட்டோ எடுத்துத் தோழிகளுக்கெல்லாம் அனுப்பினேன்.

கொஞ்ச நாளில் மேடத்துக்கு ஒரு யோசனை வந்தது. பிள்ளைகள் வெறும் பொருளைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள், சத்தத்தையும் கேட்க வேண்டும், பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பட்டன் வைப்போம், அழுத்தினால் ஸ்பீக்கரில் உடுக்கை ஒலிக்கட்டும் என்றார். முகையூர்ப் பக்கத்திலிருந்து ஓர் உடுக்கைக்காரரை வரவழைத்தார்கள். கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு வந்தார். சுற்றி ஏழு ஊரில் தனக்கு ஈடு கிடையாது என்று அவரே சொன்னார்.

"மேடம், ஒரு கற்பூரம் ஏத்திக்கலாங்களா?"

"ஐயோ, உள்ள நெருப்பே கூடாது. புகை வந்தா அலாரம் அடிக்கும்."

"அடிக்கட்டும் மேடம். தாளம் தப்பாம அடிக்குமா, அத்த சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்றேன். அவர் அழைப்பிலிருந்து மலையேற்றுவது வரை முழுதாக அடித்துப் பாடி முடித்தார். நெடுநேரம் ஆயிற்று. கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர் அதை அரை நிமிடமாக வெட்டிக்கொண்டு வந்தார். அழைப்பு உச்சத்துக்கு ஏறுகிற இடம் மட்டும்.

"கடைசிப் பகுதியும் வேணும் மேடம்," என்றேன்.

"எதுக்கு? பசங்க அவ்வளவு நேரம் நிப்பாங்களா? இந்த இடம்தான் சூப்பரா இருக்கு."

எதற்கு என்று எனக்குத் தெரியும். எம்.ஏ. படித்த பெண் அந்தக் காரணத்தை எந்த வார்த்தையில் சொல்வது? தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

பட்டன் வந்த நாளிலிருந்து அந்தக் கூடத்தில் எனக்கு நிம்மதி போயிற்று. பிள்ளைகள் ஒரு தடவை அழுத்திவிட்டு விடுவதில்லை. உடுக்கை ஏறும், ஏறும், இன்னும் ஒரு அடி வைத்தால் போதும் என்கிற இடத்தில் பட்டென்று நிற்கும். மறுபடி அழுத்துவார்கள். மறுபடி ஏறி, அதே இடத்தில் நிற்கும். ஒவ்வொரு தடவை நின்றபோதும் கூடத்தில் இருக்கும் பெண்களின் வாயைப் பார்ப்பேன். அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் சலித்துப்போய்க் கொட்டாவி விடுவது சாதாரணம். எனக்கோ ஒவ்வொன்றும் அம்மாவின் முதல் கொட்டாவியாகத்தான் தெரிந்தது. சென்னையிலிருந்து வந்த ஓர் அம்மாளிடம் ஓடிப்போய், "உட்காருங்க மேடம், தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டிருக்கிறேன். அவர் என்னை நல்ல பெண் என்று பாராட்டிவிட்டுப் போனார்.

அம்மாவை இங்கே வரவிடக் கூடாது என்றால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த நினைப்பே அம்மாவுக்குக் கெடுதல். மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா விழுப்புரத்துக்குப் பிரஷர் மாத்திரை வாங்க வருவாள். சின்னம்மா லீவு போட்டுவிட்டுக் கண்டமங்கலத்திலிருந்து வந்து சேர்ந்துகொள்வாள். இருவரும் மாத்திரையை வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வருவார்கள். மகள் பேண்ட்டு போட்ட ஆபீசர்களோடு நின்று பேசுவதை அம்மா ஓரமாக இருந்து பார்க்க வேண்டும். அதற்காகத்தான் வருவாள். அந்தச் செவ்வாய்களில் காலையிலேயே ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கி, 'பழுது' என்று எழுதிய அட்டையை பட்டன் மேல் தொங்கவிட்டுவிடுவேன்.

ஒரு மாதம் செவ்வாய்க்கிழமை அம்மா வரவில்லை. ஆஸ்பத்திரியில் அன்று மாத்திரை கொடுப்பவர்கள் முகாமுக்குப் போகிறார்களாம், வியாழக்கிழமை வரச் சொல்லி முந்தின மாதமே சொல்லிவிட்டார்களாம். அது எனக்குத் தெரியாது. இந்த மாதம் தப்பித்தேன் என்று புதன்கிழமை அட்டையைக் கழற்றி, வயரைச் செருகிவிட்டேன்.

வியாழக்கிழமை திண்டிவனம் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றிலிருந்து பெண் பிள்ளைகள் வந்திருந்தார்கள். டீச்சர் பாதிப் பேரை என்னிடம் விட்டார். நான் நடுகல்லில் இருக்கும் வீரனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மீதிப் பேர் கடைசி மூலையில் பட்டனைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எனக்குப் பின்னால் உடுக்கை ஏறத் தொடங்கியது. நான் தோளைக் குறுக்கிக்கொண்டு குரலை உயர்த்தினேன். அப்போது வாசலில் சின்னம்மாவின் குரல் கேட்டது.

"இன்னாடி இது, கோயிலாட்டம் கீது?"

திரும்பினேன். சின்னம்மாவுக்குப் பக்கத்தில் அம்மா நின்றிருந்தாள். கையில் எனக்குச் சோறு கொண்டுவந்த ஒயர்க்கூடை. என்னைப் பார்த்துச் சிரிக்க வாயைத் திறந்தாள். திறந்த வாய் சிரிப்பாக மாறவில்லை. கொட்டாவியாக மாறியது.

எங்களுக்கு நடுவே இரண்டு வரிசைப் பிள்ளைகள். "நகருங்க, நகருங்கம்மா," என்று அவர்களைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். உடுக்கை நின்றது. மூலையில் சிரிப்புக் கேட்டது.

"ஏய், இன்னொரு தபா அமுக்குடி!"

"நானுடி! நீயே அமுக்கிக்கினு கீற!"

மறுபடி ஏறியது. அம்மா கூடையைத் தானே கீழே வைத்தாள். தாடை இழுத்தது. நான் அம்மாவிடம் போவதா, பட்டனிடம் போவதா என்று தெரியாமல் கூடத்தின் நடுவில் நின்றேன். பட்டனிடம் ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் அது நின்று, மூன்றாவது பிள்ளை அழுத்தி, மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளைகளின் கால்களுக்கு நடுவே குனிந்து வயரைப் பிடுங்கினேன்.

சத்தம் செத்தது. நான் செய்த தவறு அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அம்மா கண்ணை மூடியிருந்தாள். கொண்டை அவிழ்ந்து முதுகில் விழுந்தது. கைகளைக் காற்றில் நீட்டினாள். அந்த ஆடியில் நீட்டியது போலவே. மெதுவாகச் சுற்றத் தொடங்கினாள். நெற்றி நரம்பு புடைத்துத் துடிப்பது எட்ட நின்ற எனக்கே தெரிந்தது. சுற்றிலும் கல். நடுகற்களின் விளிம்பெல்லாம் கத்தி மாதிரி இருந்தது.

"ஏன்டி நிறுத்தின?" என்று சின்னம்மா கத்தினாள். "பாதியில நிறுத்திட்டியே, அடிப்பாவி! முழுசையும் போடு!"

"அதுல அவ்வளவுதான் இருக்கு சின்னம்மா."

"மலையேத்துறது?"

"வெட்டிட்டாங்க."

"எவன்டி வெட்டினான்? சாமிய அரை ஆளா வெட்டி டப்பாக்குள்ள போட்டு வெச்சினு கீறீங்களா? இதுக்குத்தான் படிச்சியா?"

அம்மாவின் தோளைப் பிடித்தேன். கொதித்தது. என்னை உதறிய வேகத்தில் நடுகல்லில் போய் இடித்துக்கொண்டேன். முகையூர்க்காரருக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது. முழுப் பதிவு கம்ப்யூட்டர் அறையில் இருந்தது. அறை பூட்டியிருந்தது, சாவி மேடத்தின் பையில், மேடம் கலெக்டர் ஆபீசில். ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொல்லி டீச்சரிடம் போனைக் கொடுத்தேன். அம்மா சுற்றும் வேகம் கூடிக்கொண்டே போனது.

"நீ பாடுடி," என்றாள் சின்னம்மா.

"எனக்குத் தெரியாது."

"யார்கிட்ட சொல்ற? பால் குடிச்ச நாள்ல இருந்து அவ பக்கத்துலயே நின்னவ நீ. ஜல்தியா பாடு. அவ உழுந்தான்னா இன்னொரு வாட்டி ஏந்திரிக்க மாட்டா."

அது உண்மை. எனக்கு அந்தப் பாட்டு முழுதும் தெரியும். ஒரு நாளும் வாய்விட்டுப் பாடியதில்லை, ஒரு நாளும் மறந்ததும் இல்லை. பிள்ளைகள் பார்ப்பார்கள், வேலை போய்விடும் என்பதெல்லாம் அந்த நேரத்தில் நினைவிலேயே இல்லை. நான் பயந்தது வேறு ஒன்றுக்கு. அம்மாவுக்கு வருவது அம்மாவின் அம்மாவுக்கும் வந்ததாம். அடுத்தது யார் என்று தெருவில் என் காதுபடவே பேசியிருக்கிறார்கள். பரீட்சை, பட்டம், அட்டை என்று நான் ஒவ்வொரு படியாக ஏறியதெல்லாம் அந்தப் பேச்சுக்கு எட்டாத இடத்துக்குப் போகத்தான். இந்தப் பாட்டை நான் வாயால் தொட்டால், அது என்னைத் தொடாமல் விடுமா?

உடுக்கை இருந்த பெட்டியின் அடிப்பாகம் ஒட்டுப் பலகை. உள்ளே வெற்றிடம். குந்தி உட்கார்ந்து, வலக்கை விரல்களால் அதில் தட்டினேன். முதல் அடியில் சத்தமே வரவில்லை. அடுத்த அடி சரியாக விழுந்தது. கண்ணாடிக்குள் உடுக்கையின் கயிறு மெல்ல ஆடியது. மலையேற்றும் அடி மெதுவானது. அடித்து, கொஞ்சம் காத்திருந்து, மறுபடி அடிக்க வேண்டும். காத்திருக்கும் இடத்தில்தான் அம்மன் கிளம்புவாள் என்பார்கள். எனக்குக் காத்திருக்க முடியவில்லை. உயிரே அந்த இடைவெளியில் தொங்கியது.

"வந்த தாயே, போய்வா தாயே, பொழுது சாய்ஞ்சுது, வீடு போ தாயே," என்று ஆரம்பித்தேன். சின்னம்மாவும் சேர்ந்துகொண்டாள். சுருதி கிருதி ஒன்றும் இல்லை, ஆனால் பெரிய குரல். அம்மா சுற்றுவது முதலில் குறையவில்லை. பிறகு அவளுடைய இடது பாதம் என் அடியில் வந்து விழுந்தது. அடுத்த அடிக்கு வலது பாதம். தேடிக்கொண்டிருந்த கைகள் கீழே இறங்கின. நான் இன்னும் மெதுவாக்கினேன். அம்மா முழங்கால் மடிந்து, உட்கார்ந்து, அப்படியே சின்னம்மாவின் மடியில் சாய்ந்தாள். சின்னம்மா பாடுவதை நிறுத்தினாள்.

நானும் பாடுவதை நிறுத்தினேன். கை நிற்கவில்லை.

பலகையில் அது தட்டிக்கொண்டே இருந்தது. நிறுத்து என்று நினைத்தேன். தட்டியது. அது மலையேற்றும் அடியும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக வேகம் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் கையைப் பார்ப்பது போல என் கையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் பக்கத்தில் வந்து குந்தி, என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த பிறகும் விரல்கள் அவர் பிடிக்குள் துடித்தன.

"போதும்மா. உங்கம்மா உட்கார்ந்துட்டாங்க பாரு. போதும்," என்றார். அவர் விடவே இல்லை. கொஞ்ச நேரத்தில் நின்றது.

முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி, "அக்கா, இதுவும் புரோகிராம்ல உண்டா?" என்று கேட்டாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் அழுத்தம் பார்த்த நர்ஸ் திரும்ப ஒருமுறை பார்த்துவிட்டு ஓடிப்போய் மருத்துவரை அழைத்துவந்தார். ஊசி போட்டார்கள். சாயங்காலத்துக்குள் இறங்கியது. தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லை, வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார்கள். மருத்துவர் என் கழுத்தில் இருந்த அட்டையைப் பார்த்துவிட்டு என்னிடம் தனியாகச் சொன்னார்: இரண்டு நாளைக்கு அவங்களுக்கு எந்த அதிர்ச்சியும் கூடாது, பயமோ கவலையோ வரக் கூடாது, நீங்க படிச்சவங்க, பார்த்துக்கோங்க.

மேடம் கலெக்டர் ஆபீசிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். பழம் வாங்கிவந்திருந்தார். அம்மாவைப் பார்த்துவிட்டு, என்னை வராந்தாவுக்கு அழைத்தார்.

"டீச்சர் எல்லாம் சொன்னாங்க. பட்டனை எடுத்துடலாமா?"

"வேணாம் மேடம். இருந்தா முழுசா இருக்கட்டும். கடைசி வரைக்கும்."

"நீ எம்.ஏ. படிச்ச பொண்ணு. நீயுமா நம்பற?"

"நானும்தான் மேடம்," என்றேன். சொல்லும்போது தலை குனியவில்லை. உள்ளுக்குள் என்னவோ போல இருந்தது.

இப்போது அந்த பட்டனை அழுத்தினால் முழுதும் ஓடும். பிள்ளைகள் பாதியில் போய்விடுகிறார்கள். நான் அது முடியும்வரை அங்கேயே நிற்கிறேன். அம்மாவை நான் மறுபடி அந்தப் பக்கம் வரவிட்டதில்லை. இனி காரணத்தை மறைக்க வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிய அன்றைக்குச் சின்னம்மாவும் எங்களோடு ஊருக்கு வந்தாள். திண்டிவனம் பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். அம்மா நடுவில். விக்கிரவாண்டி வரை கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். பிறகு, "யாரு மலையேத்துனது?" என்று கேட்டாள்.

"வேற யாரு, உம் பொண்ணுதான்," என்றாள் சின்னம்மா. "இன்னா பாட்டு, இன்னா அடி! ரெண்டு ஊருல கூப்புட்டாங்கன்னா இந்த வேலைய உட்டுட்டுப் போயிடலாம்."

அம்மா சிரிக்கவில்லை. என் வலக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனிகள் சிவந்திருந்தன. அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. சாமி வரும்போதோ, ஆஸ்பத்திரியில் ஊசி போடும்போதோ அவள் பயந்ததே கிடையாது.

"கை தானா நின்னுச்சா? இல்ல, யாருனா புடிச்சு நிறுத்தினாங்களா?"

நான் சின்னம்மாவைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மாவின் கழுத்து நரம்பு மறுபடி துடிக்கத் தொடங்கியிருந்தது.

"தானா நின்னுச்சும்மா."

"நெசமா?"

"நெசமாத்தான்."

அம்மா மூச்சை விட்டாள். கையையும் விட்டாள். கொஞ்ச நேரத்தில் தலை என் தோளில் சாய்ந்தது, வாயைத் திறந்து தூங்கினாள். கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார், பஸ் ஒவ்வொரு நிறுத்தமாக நின்று கிளம்பியது. நான் வலக்கையை மடியில் வைத்து, அதன் மேல் இடக்கையை அழுத்தி, கூட்டேரிப்பட்டு வரும்வரை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.